மைட்டர் ரம்பம் வாங்குமுன்

மாமல்லபுரத்து ஐந்து ரதங்கள் ஏழாம் நூற்றாண்டில் மரக் கட்டடங்களின் அமைப்பைப் பாறையில் செதுக்கிக் காட்டியவை. பாறையில் மூட்டு இல்லை. மரவேலைக்கோ மூட்டே உயிர். படச்சட்டத்தின் மூலை நன்கு பொருந்த, இரு முனைகளையும் 45 பாகையில் அறுக்க வேண்டும். அதற்கான கருவியே மைட்டர் ரம்பம்.

180ஐப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வெட்டுக்கோணம் கிடைக்கும். சதுரத்திற்கு 45, அறுகோணத்திற்கு 30. நான்கு மூலைகளுக்கு எட்டு வெட்டுகள். ஒவ்வொன்றிலும் 1 பாகை குறைந்தால், கடைசி மூலையில் 8 பாகை இடைவெளி தெரியும். ஆகவே, விலையைக் கேட்குமுன் கோணத்தைச் சோதியுங்கள். 45 பாகையில் அறுத்த இரு துண்டுகளைச் சேர்த்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் போதும்.

ஆண்டுக்கு இரண்டு, மூன்று சட்டங்கள் மட்டும் செய்யும் வீட்டிற்குக் கைவாளும் மரத்தாலான மைட்டர் பெட்டியுமே போதும். மின்சாரச் செலவும் இல்லை. அடிக்கடி வேலை உண்டெனில் 10 அங்குல மின் ரம்பம் ஏற்றது. 12 அங்குலமும், முன்பின் நகரும் வகையும் அகலப் பலகைகளுக்கே தேவை, விலையும் கூடுதல். மிச்சமாகும் பணத்தில் 60 பற்களுள்ள கார்பைடு தகடு வாங்கினால் வெட்டு வழவழப்பாக அமையும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இரும்பை அரிக்கும். வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் பூசுக.

தோழியரே, பின்னலை முடிந்து, துப்பட்டாவைக் கழற்றிவைத்து, கண்ணாடி அணிந்த பின்னரே ரம்பத்தைத் தொடுங்கள். தகடு முற்றிலும் நிற்கும்வரை துண்டை எடுக்காதீர்கள். மலிவாக வாங்கலாம், விரல்களை வாங்க முடியாது. தச்சராய் உழைத்த புனித சூசையப்பர் நம் கைகளைக் காப்பாராக!

— பத்தாம் வகுப்பு மாணவி