குட்டி ஆமைக்குக் கொல்லையில் வீடு

மழை விழுந்ததும் முந்திரிக்கொல்லை ஓரம் உள்ளங்கை அகலம்கூட இல்லாத காட்டாமைக் குட்டி தென்பட்டால், பிள்ளைகள் என்னிடம்தான் ஓடி வருகிறார்கள். "தாத்தா, கொல்லைப்புறத்துல தொட்டி கட்டி வளர்க்கலாமா?" ஜெயங்கொண்டத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்.

1. வளர்க்கக் கூடாது. நம் காட்டாமை, அதாவது நட்சத்திர ஆமை, 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்து வைத்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். ஆமையும் அமீனாவும் புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். இப்போது ஆமையின் பின்னாலேயே வனத்துறையும் வரும்.

2. ராசி என்று சொல்லி விற்பவனிடம் வாங்காதீர்கள். அவன் கையில் இருப்பது பெரும்பாலும் காட்டிலிருந்து அள்ளி வந்தது. ஆந்திர, கர்நாடகப் பகுதியில் ஒரே ஒரு வியாபார மையம் வழியாக ஓராண்டில் குறைந்தது 55,000 ஆமைகள் பிடிக்கப்பட்டதாக 2015-இல் வெளியான ஆய்வு கணக்குச் சொன்னது. 2019-இல் இதன் பன்னாட்டு வணிகத்துக்கும் தடை வந்துவிட்டது.

3. சிமெண்டுத் தொட்டியும் சோறும் பன்னும் அதற்கு ஆகவே ஆகாது. வெயிலும் சுண்ணாம்புச் சத்தும் போதாவிட்டால் ஓடு மெத்தென்று ஆகி, கோணலாக வளரும். முட்டையிலிருந்து வந்த புதிதில் முதுகில் நட்சத்திரக் கோடுகளே இருக்காது, மஞ்சளில் கறுப்புத் திட்டுகள்தான். வளர வளரத்தான் கோடுகள் விரியும். காய்ந்த புல் நிழலில் அந்தக் கோடுகள் ஆமையின் உருவத்தையே மறைத்துவிடும். வெறும் தொட்டிக்குள் அது ஒளிய எங்கே போகும்?

4. அப்படியென்றால் வீடு எது? உங்கள் கொல்லை வேலிதான். சூரை, காரை, சங்கமுள் அடர்ந்த பழைய உயிர்வேலி இருந்தால் ஜேசிபி வைத்து வழிக்காதீர்கள். நண்பகல் வெயிலுக்கு ஆமை அதனடியில்தான் பதுங்கும். கோடையில் காலையும் மாலையும், மழைக்காலத்தில் பகலெல்லாம் மேயும். கம்பிவேலிதான் போடுவேன் என்பவர்கள் அடியில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். வேலியை ஒட்டி இரண்டு முழ அகலத்துக்குக் களைக்கொல்லி அடிக்க வேண்டாம். அருகம்புல், மூக்கிரட்டை, சாரணை எல்லாம் அங்கே தானாக முளைக்கும். அவைதான் அதன் சாப்பாடு. சப்பாத்திக்கள்ளி நின்றால் பழத்தையும் விடாது.

5. இதை மட்டும் இரண்டு முறை கேளுங்கள். முந்திரி பொறுக்குவதற்கு முன் மரத்தடியைக் கூட்டிச் சருகைக் கொளுத்துகிறோம். கோடையில் ஆமை கிடப்பது அந்தச் சருகுக்குள்தான். நெருப்பு வருகிறதென்று ஓடித் தப்பிக்க அதற்குக் கால் போதாது. தீ வைக்கும் முன் குவியலைக் கோலால் மெல்லப் புரட்டிப் பாருங்கள். கொளுத்தாமல் மரத்தடியிலேயே மூடாக்காக விட்டால் இன்னும் நல்லது, மண்ணின் ஈரமும் நிற்கும்.

6. தார்ப்பாய் விரித்த பண்ணைக்குட்டையில் விழுந்த ஆமை வழுக்கும் சரிவில் ஏறவே முடியாது. ஒரு மூலையில் சாக்குப்பையோ சொரசொரப்பான பலகையோ சரித்துப் போடுங்கள்.

7. தூக்கி விளையாடாதீர்கள். பயத்தில் மூத்திரம் பெய்துவிடும். கோடையில் அது உடம்பில் சேர்த்து வைத்த தண்ணீர். சிதம்பரம் சாலையைக் கடக்கிற ஆமையை மட்டும், எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்து ஓரத்தில் விட்டுவிட்டு வாருங்கள். மல்லாந்து கிடந்தால் நிமிர்த்தி நிழலில் விடுங்கள்.

8. கொத்தும்போது முட்டை கிடைத்தால் புரட்டாமல், இருந்த நிலையிலேயே மண்ணால் மூடுங்கள். குஞ்சு வர மாதக்கணக்கில் ஆகும். காக்கை, கீரி, உடும்பு தின்றது போக மிச்சம்தான் பிழைக்கும். அது அவற்றுக்குள் உள்ள கணக்கு. நாயைக் கட்டிப் போடுவதுதான் நம் வேலை.

9. வீட்டில் ஏற்கெனவே ஆமை வைத்திருப்பவர்கள் இரவோடு இரவாகக் காட்டில் விட்டுவிடாதீர்கள். எந்த ஊர் ஆமையோ, என்ன நோயோ, இங்கிருப்பவற்றுக்கும் ஒட்டும். வனத்துறையிடம் ஒப்படையுங்கள். மீன் கடையில் வாங்கிய, காதோரம் சிவந்த அயல்நாட்டு நீர் ஆமை அலுத்துவிட்டதென்று கங்கைகொண்ட சோழபுரத்துப் பொன்னேரியில் கொண்டுபோய்ப் போடவே போடாதீர்கள். ஏரியில் நம் ஊர் நீர் ஆமைக்குக் கிடைக்கிற இரையையும் இடத்தையும் அது பிடுங்கிக்கொள்ளும்.