பலகையும் கணினியும்

நுழையும்முன்

ஆடை தைப்பவர் துணியை விரித்து, அளவு குறித்து, அதன் பிறகே கத்தரியைக் கையில் எடுக்கிறார். பட்டு நெய்பவர் கரைக்கும் முந்திக்கும் உரிய கோலத்தைக் கட்டம் போட்ட தாளில் வரைந்த பின்னரே தறியில் அமர்கிறார். மரவேலையும் அத்தகையதே. வெட்டிய பலகையை மீண்டும் ஒட்டி முழுமையாக்க இயலாது. எனவே, அறுப்பதற்கு முன் செய்யும் திட்டமே அத்தொழிலின் ஆக்கத்தையும் இழப்பையும் தீர்மானிக்கிறது. அத்திட்டமிடலில் இன்று கணினி எவ்வாறு துணைநிற்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

தச்சரின் மனக்கணக்கு

தமிழர் வாழ்வில் தச்சுக்கலை தொன்மை வாய்ந்தது. கலப்பை, வண்டி, கதவு, நிலை, தேர் என ஊர் வாழ்க்கையின் பெரும்பகுதி தச்சரின் கையில் உருப்பெற்றது. தகடூரை ஆண்ட அதியமானின் வலிமையைப் பாட வந்த ஔவையார், தச்சர் ஒருவரின் உழைப்பையே உவமையாக்கினார். நாள்தோறும் எட்டுத் தேர்களைச் செய்யும் ஆற்றல் பெற்ற தச்சர், ஒரு திங்கள் முழுவதும் கருதிச் செய்த ஒற்றைத் தேர்க்காலுக்கு அம்மன்னனை அவர் ஒப்பிடுகிறார். புறநானூற்றின் 87ஆம் பாடல் தரும் செய்தி இது. விரைந்து செய்யும் கைத்திறனை விடவும் எண்ணிச் செய்யும் உழைப்பு உயர்ந்தது என்பதை அவ்வுவமை உணர்த்துகிறது.

அந்த எண்ணிச் செய்யும் முறை தலைமுறை தலைமுறையாகத் தச்சர்களிடம் இருந்துவருகிறது. முதிய தச்சர் ஒருவர் பலகையைக் கண்டதும் வாளை எடுப்பதில்லை. அதைத் திருப்பிப் பார்க்கிறார். முடிச்சும் வெடிப்பும் எங்குள்ளன எனக் காண்கிறார். தரையில் சுண்ணக்கட்டியால் கோடிட்டுப் பார்க்கிறார். மூலமட்டம் வைத்துக் குறிக்கிறார். நூலடித்துக் கோடு போடுகிறார். எந்தத் துண்டை எங்கே எடுப்பது என்னும் படம் அதற்குள் அவர் மனத்தில் முழுமை பெற்றுவிடுகிறது. அந்த மனப்படத்தை எல்லோரும் காணும் வரைபடமாக மாற்றுவதே வடிவமைப்பு மென்பொருளின் பணியாகும்.

பட்டறைகள் நிறைந்த நிலம்

1997இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது நாமக்கல். சரக்குந்துகளின் அடிச்சட்டகத்தின் மேல் கூடு கட்டும் தொழிலுக்கு இம்மாவட்டம் நாடெங்கும் பெயர் பெற்றது. ஒரு கூட்டினைக் கட்டி முடிக்கத் தச்சர், கொல்லர், பற்றவைப்பவர், வண்ணம் பூசுபவர் எனப் பலரின் கைகள் ஒன்றுசேர வேண்டும். பட்டு நெசவுக்கும் நெய்க்கும் பெயர் பெற்ற ராசிபுரம் இம்மாவட்டத்தின் வட்டத் தலைநகரங்களுள் ஒன்று. பிற ஊர்களைப் போலவே இங்கும் வீடுகளுக்கும் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் அறைகலன்கள் செய்யும் பட்டறைகள் உள்ளன.

முன்னர்த் தேக்கும் வேம்பும் பலாவும் பயன்பட்ட இடங்களில் இன்று பெரும்பாலும் ஒட்டுப்பலகை பயன்படுகிறது. மரத்துண்டைச் சுழலவிட்டு மெல்லிய தாள்போல் உரித்து, அவ்வடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வைத்துப் பசையிட்டு அழுத்திச் செய்வது ஒட்டுப்பலகை. தமிழக உழவர்கள் வளர்க்கும் மலைவேம்பும் இதற்குப் பயன்படுகிறது. ஒட்டுப்பலகை பெரும்பாலும் 8 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்டதாக விற்கப்படுகிறது. இதனை 2440 மில்லிமீட்டர், 1220 மில்லிமீட்டர் எனக் கொள்வர். இந்த ஒரே அளவிலிருந்துதான் கட்டிலும் அலமாரியும் மேசையும் பிறக்க வேண்டும். பலகை மாறாது, தேவையோ நாளுக்கொன்றாக மாறும். திட்டமிடலின் தேவை இங்கேதான் எழுகிறது.

ஐந்து மில்லிமீட்டரின் விலை

எடுத்துக்காட்டாக, ராசிபுரத்துப் பட்டறை ஒன்றிற்கு ஊர்ப்புற நூலகத்திற்காகப் பத்துப் புத்தக அலமாரிகள் செய்யும் வேலை வருவதாகக் கொள்வோம். ஒவ்வோர் அலமாரிக்கும் 1800 மில்லிமீட்டர் உயரமுள்ள பக்கப்பலகைகள் இரண்டும், 800 மில்லிமீட்டர் நீளமுள்ள தட்டுகள் ஆறும் வேண்டும். பின்பலகை வேறு தகட்டிலிருந்து எடுக்கப்படும். தட்டின் அகலம் ஓர் அடி இருக்கட்டும் என்கிறார் வேலை கொடுத்தவர். தச்சரும் மனத்துக்குள் கணக்கிடுகிறார். பலகையின் அகலம் நான்கு அடி; நான்கு பட்டைகள் கிடைக்கும்; ஓர் அலமாரிக்கு ஒரு பலகை போதும்; பத்துப் பலகைகளுக்கு விலை பேசிவிடலாம்.

கணக்கு சரியானதாகவே தோன்றுகிறது. ஆனால், அதில் வாளின் பங்கு சேர்க்கப்படவில்லை. வட்டவாள் ஒவ்வொரு முறை ஓடும்போதும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கிவிடுகிறது. இதனை அறுப்புச் சேதாரம் எனலாம். நான்கு பட்டைகளைப் பிரிக்க மூன்று முறை அறுக்க வேண்டும். 9 மில்லிமீட்டர் தூளாகிப் போகும். ஓர் அடி என்பது 305 மில்லிமீட்டர். மூன்று பட்டைகளை 305 மில்லிமீட்டர் அகலத்தில் எடுத்த பிறகு, நான்காவது பட்டைக்கு 296 மில்லிமீட்டரே எஞ்சும். அந்தத் தட்டு மற்றவற்றோடு பொருந்தாது. ஆகவே, ஒரு பலகையில் மூன்று பட்டைகள் மட்டுமே தேறும். பத்து அலமாரிகளுக்கு நாற்பது பட்டைகள் வேண்டும். அவற்றுக்குப் பதினான்கு பலகைகள் தேவைப்படும். பேசிய விலையோ பத்துப் பலகைகளுக்கு உரியது. எஞ்சிய நான்கு பலகைகளின் விலை தச்சரின் கூலியிலிருந்துதான் கழியும்.

தட்டின் அகலத்தை 300 மில்லிமீட்டராகக் குறைத்தால் நிலை மாறிவிடுகிறது. நான்கு பட்டைகளுக்கு 1200 மில்லிமீட்டரும் சேதாரத்திற்கு 9 மில்லிமீட்டரும் ஆக 1209 மில்லிமீட்டர் போதும். அடிபட்ட ஓரத்தைச் சீவி எடுக்கவும் 11 மில்லிமீட்டர் மிஞ்சும். இரண்டு பட்டைகளில் பக்கப்பலகைக்கு ஒன்றாக இரண்டும், மற்ற இரண்டில் மும்மூன்றாக ஆறு தட்டுகளும் கிடைத்துவிடும். பத்து அலமாரிகள் பத்துப் பலகைகளில் முடியும். ஐந்து மில்லிமீட்டர் நூல்களை அடுக்குவதில் எந்த வேறுபாட்டையும் உண்டாக்காது. நான்கு பலகைகளை மட்டும் மிச்சப்படுத்தும். இதனை வாள் ஓடுவதற்கு முன்பே, ஏன், விலை பேசுவதற்கு முன்பே காட்டிவிடுவது மென்பொருளின் பயனாகும்.

மென்பொருளில் திட்டமிடும் முறை

ஃப்ரீகேட், ஸ்கெட்ச்அப் போன்ற வடிவமைப்பு மென்பொருள்களில் அலமாரியை முப்பரிமாண உருவமாக வரையலாம். இவற்றுள் ஃப்ரீகேட் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள். ஸ்கெட்ச்அப்புடன் இணைந்து இயங்கும் ஓப்பன்கட்லிஸ்ட் என்னும் நீட்சி, வரைந்த உருவத்திலிருந்து துண்டுகளின் பட்டியலையும் வெட்டுப்படத்தையும் உருவாக்கித் தருகிறது.

பணி நான்கு படிகளில் நடைபெறும். முதலாவது, உருவத்தை வரைதல். பலகையின் தடிமன் இங்கேயே கணக்கில் சேர்கிறது. அலமாரியின் வெளியகலம் 836 மில்லிமீட்டர் எனில், 18 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரு பக்கப்பலகைகளைக் கழித்துத் தட்டின் நீளம் 800 மில்லிமீட்டர் என மென்பொருள் காட்டிவிடும். தடிமனைக் கழிக்க மறந்து தட்டுகளை வெட்டிவிட்டுத் திகைக்கும் நிலை ஏற்படாது. இரண்டாவது, துண்டுகளின் பெயர், நீளம், அகலம், எண்ணிக்கை ஆகியவற்றைப் பட்டியலிடுதல். மூன்றாவது, பலகையின் அளவு, அறுப்புச் சேதாரம், ஓரச் சீவல், நாரோட்டத்தின் திசை ஆகியவற்றைக் குறித்தல். நான்காவது, வெட்டுப்படத்தைப் பெற்று, ஒவ்வொரு துண்டுக்கும் எண்ணிட்டு, அவ்வரிசையில் அறுத்தல்.

நாரோட்டமும் வாளோட்டமும்

மூன்றாம் படியில் குறிக்கும் நாரோட்டம் தனிக் கவனத்திற்கு உரியது. மேற்கண்ட அலமாரியின் எட்டுத் துண்டுகளை இன்னொரு வகையிலும் எடுக்கலாம். பலகையை முதலில் குறுக்கே அறுத்து 1800 மில்லிமீட்டர், 637 மில்லிமீட்டர் என இரண்டாக்கினால், பெரிய பகுதியில் இரு பக்கப்பலகைகளும் நான்கு தட்டுகளும் கிடைக்கும். சிறிய பகுதியில் மீதி இரண்டு தட்டுகளும் அடங்கும். பரப்பளவை மட்டும் நோக்கினால் இரண்டு வழிகளும் ஒன்றே. ஆனால், இரண்டாம் வழியில் இரண்டு தட்டுகளின் மேற்பரப்பு நார் நீளவாக்கில் ஓடாமல் குறுக்காக ஓடும். அவை மற்றவற்றோடு நிறமும் கோடும் ஒவ்வாமல் தனித்துத் தெரியும். நூல்களின் எடையைத் தாங்கும் வலிமையும் குறையும். நாரோட்டத்தைக் குறிக்காமல் விட்டால் மென்பொருள் இந்த வேறுபாட்டை அறியாது. அது பரப்பை அறியும், மரத்தை அறியாது.

வாளோட்டமும் அத்தகையதே. பட்டறையின் மேசைவாள் பலகையை ஓர் ஓரத்திலிருந்து எதிர் ஓரம் வரை நேராக அறுத்துச் செல்லும். நடுவில் நின்று திரும்பாது. தாளில் அழகாகப் பொருந்தும் சில அடுக்குமுறைகளை அவ்வாளால் அறுக்கவே முடியாது. எனவே, ஓரத்திலிருந்து ஓரம் வரை செல்லும் வெட்டுகளையே தேர்ந்தெடுக்குமாறு மென்பொருளுக்குக் கட்டளையிட வேண்டும்.

ஒட்டுப்பலகையில் பிறந்த கணிதம்

துண்டுகளை அடுக்கும் இச்சிக்கல் கணித உலகில் நீண்ட வரலாறு கொண்டது. 1938இல் இரசிய நாட்டின் லெனின்கிராடு நகரில், ஒட்டுப்பலகை நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று இளம் கணித அறிஞர் லியோனித் கந்தரோவிச்சை அணுகியது. வெவ்வேறு வகை மரங்களை வெவ்வேறு உரிப்பு எந்திரங்களுக்கு எவ்வாறு பகிர்ந்தளித்தால் மிகுந்த பயன் கிடைக்கும் என்பதே அவர்கள் கேட்ட வினா. அவ்வினாவுக்கு விடை தேடிய அவர், பொருள்களை வெட்டுவதில் சேதாரத்தைக் குறைக்கும் சிக்கலும் அதே கணித வடிவம் கொண்டது எனக் கண்டார். 1939இல் தம் முறையை நூலாக வெளியிட்டார். நேரியல் திட்டமிடல் என இன்று அழைக்கப்படும் கணிதப் பிரிவின் தொடக்கங்களுள் அது ஒன்று. 1975இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

1961இல் கில்மோர், கொமோரி என்னும் இரு அறிஞர்கள் வெட்டுச் சிக்கலைக் கணினி வழியாகத் தீர்க்கும் முறையை வகுத்தனர். 1963இல் ஐவன் சதர்லாந்து உருவாக்கிய ஸ்கெட்ச்பேட், கணினித் திரையில் நேரடியாக வரையலாம் என்பதை மெய்ப்பித்தது. கணக்கிடும் நெறியும் வரையும் நெறியும் பின்னாளில் ஒன்று சேர்ந்தன. பட்டறை மேசையின் மீதுள்ள கணினி இன்று அவ்விரண்டையும் ஒருங்கே செய்கிறது.

எட்டுத் துண்டுகளை வரிசைப்படுத்தும் வழிகள் மட்டுமே 40,320. துண்டுகள் கூடக்கூட இவ்வெண் கற்பனைக்கு எட்டாத அளவு பெருகும். இவை அனைத்தையும் ஒவ்வொன்றாக ஆராய்வது கணினிக்கும் அரிது. ஆதலால், மென்பொருள்கள் பல நேரங்களில் ஏற்கத்தக்க நல்ல விடையைத் தருகின்றனவே அன்றி, அதுவே மிகச் சிறந்த விடை என உறுதி கூறுவதில்லை. பட்டறிவு மிக்க தச்சர் அதனினும் சிறந்த அடுக்குமுறையைக் காணும் வாய்ப்பு எப்போதும் உண்டு.

கருவியும் கைத்திறனும்

பலகை எங்கே வளைந்துள்ளது, எந்த ஓரம் ஈரம் பட்டு உப்பியுள்ளது என்பவற்றை மென்பொருள் காணாது. 18 மில்லிமீட்டர் எனக் குறிக்கப்பட்ட பலகையின் உண்மைத் தடிமன் சற்றே மாறியிருக்கலாம்; அதை அளந்து சொல்ல வேண்டியவர் தச்சரே. தவறான அளவைக் கொடுத்தால் தவறான வரைபடத்தையே மென்பொருள் மிகத் தூய்மையாக வரைந்து தரும். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்களைப் போன்ற கலைப்படைப்புகளில், மரத்தின் போக்கறிந்து உளி செல்லும் திறன் கைக்கே உரியது.

இறுதி முடிவும் மனிதருக்கே உரியது. மேற்கண்ட அலமாரித் தட்டின் நீளத்தை 630 மில்லிமீட்டராகக் குறைத்தால், ஒவ்வொரு பக்கப்பலகையை எடுத்த பட்டையின் மீதியிலும் ஒரு தட்டு கிடைக்கும். பத்து அலமாரிகளும் ஒன்பது பலகைகளில் முடிந்துவிடும். தட்டும் எளிதில் தொய்யாது. ஆனால், நூல்கள் அடுக்கும் இடம் குறையும். ஒரு பலகையின் விலை பெரிதா, நூல்களுக்கான இடம் பெரிதா என்னும் வினாவுக்குக் கணினி விடை கூறாது. நூலகத்தின் தேவையை அறிந்தவரும் தச்சரும் கூடிப் பேசித் துணிய வேண்டியது அது.

செயலைத் தொடங்குமுன் அதன் இழப்பையும் ஆக்கத்தையும் ஆராய வேண்டும் என்பதற்காகத் தெரிந்துசெயல்வகை என ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். தச்சருக்கு அந்த ஆராய்ச்சி, வாளை எடுக்குமுன் நிகழ வேண்டும். வீணாகும் ஒவ்வொரு துண்டிலும் மரம் வளர்த்த உழவரின் ஆண்டுகளும் தொழிலாளியின் கூலியும் அடங்கியுள்ளன. முதியவரின் மனக்கணக்கும் இளையவரின் கணினிக் கணக்கும் ஒரே மேசையில் கூடும்போது மரமும் வீணாகாது, உழைப்பும் வீணாகாது.

தெரியுமா?

பழந்தமிழர் நீட்டலளவையில் எட்டு நெல் ஒரு விரல். பன்னிரண்டு விரல் ஒரு சாண். இரண்டு சாண் ஒரு முழம். நான்கு முழம் ஒரு கோல். விரலும் கையும் ஆளுக்கு ஆள் மாறுபடும் என்பதால், ஒரு பணியைத் தொடங்குமுன் பொது அளவுகோல் ஒன்றை வரையறுத்துக்கொள்வது கட்டடக் கலைஞர்களின் வழக்கம்.

கற்பவை கற்றபின்…

1. 1220 மில்லிமீட்டர் அகலமுள்ள பலகையிலிருந்து 200 மில்லிமீட்டர் அகலப் பட்டைகள் எத்தனை கிடைக்கும்? பட்டையின் அகலம் 203 மில்லிமீட்டர் எனில் எத்தனை கிடைக்கும்? ஒவ்வோர் அறுப்புக்கும் 3 மில்லிமீட்டர் சேதாரம் எனக் கொண்டு கணக்கிட்டுக் காரணம் எழுதுக.

2. உங்கள் ஊரில் உள்ள தச்சுப்பட்டறைக்குச் சென்று, அங்குள்ளோர் வழங்கும் கருவிப் பெயர்களையும் அளவுப் பெயர்களையும் கேட்டறிந்து தொகுக்க.

3. 'கணினி வந்தபின் கைத்திறன் தேவையற்றதாகிவிடுமா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.