தக்கைப்பூண்டு மடக்குற நேரத்துல டிராக்டர் நின்னா: ஃபீட் பம்ப் மாத்தும் முறை

ஒதியம்பட்டு பக்கம் சம்பாவுக்கு முன்னாடி தக்கைப்பூண்டு விதைக்கிறவங்களுக்கு ஒண்ணு தெரியும். பூ எடுக்கிற பருவம், ஏறக்குறைய 45 நாள் தாண்டினா தண்டு நாராகிடும், மடக்கி உழுதாலும் சீக்கிரம் மக்காது. அந்த வாரம் பார்த்து பழைய டிராக்டர் மக்கர் பண்ணினா ஒரு பருவத்து உரமே போச்சு.

சிம்சன் இன்ஜின் போட்ட பழைய மாஸே பெர்குசன் நம்ம பகுதியில இன்னும் ஓடுது. இந்த மாதிரி இன்ஜின்ல டேங்கிலிருந்து டீசலை இழுத்து ஃபில்டருக்குத் தள்ளுறது பக்கவாட்டில் இருக்கும் டயாஃப்ரம் பம்ப். கேம்ஷாஃப்ட் சுற்றும்போது ஒரு நெம்புகோல் ரப்பர் டயாஃப்ரத்தை இழுத்து விடும், அவ்வளவுதான். பழைய மெக்கானிக்குகள் இதை 'ஏ.சி. பம்ப்' என்பார்கள். குளிர்சாதனத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. ஆல்பர்ட் சாம்பியன் என்பவர் பெயரின் முதலெழுத்துகள் அவை.

சும்மா ஓடும்போது நல்லா இருந்து, சேற்றில் கேஜ் வீல் இழுக்கும்போது அணைஞ்சா பம்ப் மேல சந்தேகம் வரலாம். ஆனா உடனே கழட்டாதீங்க. ஃபில்டர் அடைப்பும், குழாயில் காற்று இழுப்பதும் இதே மாதிரிதான் காட்டும். டேங்க் உயரத்தில் இருக்கிற வண்டியில், டேங்க் நிறைஞ்சிருக்கும்வரை கெட்ட பம்பும் நல்ல பம்ப் மாதிரியே நடிக்கும்.

பெரிய ஆபத்து வேறே. டயாஃப்ரம் கிழிஞ்சா டீசல் இன்ஜின் ஆயிலோடு கலக்கலாம். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருந்து, டீசல் வாசனையும் அடிச்சா வண்டியை எடுக்கவே கூடாது. நீர்த்த ஆயிலில் ஓட்டினா பேரிங்கும் கிராங்கும் போயிடும். பம்ப் செலவு எங்கே, அந்தச் செலவு எங்கே!

மாத்தும்போது முதலில் டேங்க் குழாயை மூடி, பம்பைச் சுற்றி மண்ணைத் துலக்குங்க. கீழே ஒரு தட்டு வைங்க, டீசல் வரப்பில் சிந்த வேண்டாம். குழாய்களைக் கழட்டி வாயைச் சுத்தமான துணியால் மூடணும். பஞ்சு வேஸ்ட் வேண்டாம், நூல் உள்ளே போகும். பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது துணுக்கு இன்ஜினுக்குள் விழக் கூடாது. புது பம்பின் நெம்புகோலைப் பழையதோடு பக்கத்தில் வச்சு வளைவும் நீளமும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. பாடி நல்லா இருந்தா டயாஃப்ரம் கிட் மட்டும் போதும் என்பது என் கருத்து.

பொருத்தும்போது பம்ப் ஒட்டாமல் எதிர்த்துத் தள்ளினா கேமின் மேடு நெம்புகோல் மேல் நிற்குது. போல்ட்டை இறுக்கி அழுத்தாதீங்க. இன்ஜினைக் கையால் கொஞ்சம் சுற்றி மேட்டை விலக்குங்க. பேக்கிங் ஒண்ணு போதும். ரெண்டு மூணு அடுக்கினா நெம்புகோல் வீச்சு குறையும். போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சமமா இறுக்கணும்.

அப்புறம் காற்று எடுக்கணும். ஃபில்டர் திருகைத் தளர்த்தி, பம்பின் கை நெம்புகோலை அடிங்க. அது தளர்வா ஆடினா கேம் மேட்டில் இருக்கு. இன்ஜினை ஒரு சுற்று சுற்றுங்க. குமிழி நின்னதும் திருகை மூடி, இன்ஜெக்ஷன் பம்பிலும் அதே மாதிரி செய்யணும். கடைசியா இன்ஜெக்டர் நட்டுகளைத் தளர்த்தி ஸ்டார்ட்டர் அடிக்கலாம். அப்போ கையை அருகில் கொண்டுபோகாதீங்க, அழுத்த டீசல் தோலைத் துளைக்கும்.

டீசல் கலந்திருந்தா ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாத்தித்தான் ஓட்டணும். வடிச்ச ஆயிலைக் கரையானுக்குன்னு கம்பத்திலோ வேலியிலோ ஊத்துற பழக்கம் நம்ம நிலத்துக்கு ஆகாது. டப்பாவில் மூடி வச்சு, கழிவு ஆயில் வாங்குறவங்ககிட்ட கொடுத்துடுங்க.