மதிப்பீட்டாளர் தடையும் கட்டுரையாளர் விடையும்: நன்னூலின் எழுமதம் வழி ஒரு நோக்கு

ஆய்விதழுக்கு விடுத்த கட்டுரை மதிப்பீட்டாளர் குறிப்புகளுடன் திரும்பி வருமிடத்து, அவற்றிற்கு மறுமொழி வரைவதும் ஆய்வின் கூறேயாம். தமிழ் மரபிற்கு இது புதிதன்று. தொல்காப்பியப் பாயிரவுரையில் நச்சினார்க்கினியர் ஒரு செய்தி கூறுவர். அகத்தியர் வெகுண்டு, அந்நூலைக் கேளாதிருக்குமாறு அதங்கோட்டாசானைப் பணித்தார். தொல்காப்பியரோ கேட்குமாறு வேண்டினார். இருவர்க்கும் இடைப்பட்ட ஆசான் நூலைக் கேட்டுக் குற்றம் கூறத் தலைப்பட்டார். தொல்காப்பியர் எல்லாவற்றிற்கும் விடையிறுத்தார். இது வரலாறாயினும் புனைவாயினும் ஆகுக. தடையின் தகுதி வேறு, தடுப்போர் நோக்கம் வேறு என்னும் தெளிவு இதன்கண் உள்ளது.

விடையிறுக்கும் முறைகளைப் பவணந்தியார் கூறும் எழுவகை மதங்களுள் காணலாம். உடன்படலும் மறுத்தலும் வெளிப்படை. உடன்பட்டவிடத்து நன்றியுரை மட்டும் போதாது. திருத்தம் எப்பக்கத்தில், எவ்வரியில் செய்யப்பட்டது எனச் சுட்டல் வேண்டும்.

பெரிதும் கைவிடப்படுவது, பிறர் மதத்தை ஏற்றுக்கொண்டு பின்னர்க் களையும் முறையாகும். உவமவியல் பற்றிய கட்டுரையொன்று இளம்பூரணர், பேராசிரியர் உரைகளை மட்டும் ஒப்பிடுவதாகக் கொள்வோம். ‘நச்சினார்க்கினியர் உரை விடுபட்டது ஏன்?’ என்பது மதிப்பீட்டாளர் தடை. அவ்வியலுக்கு அவருரை கிடைத்திலது. பொருளதிகாரத்தின் இறுதி நான்கியல்களுள் செய்யுளியலுக்கே அவருரை கிடைத்துள்ளது. ‘இஃது அறியாமை வினா’ எனத் தள்ளுதல் எளிது. ஆயின், உரை கிடைத்திருப்பின் ஒப்பிடல் இன்றியமையாதது என முதற்கண் ஏற்று, கிடையாமையைப் பின்னர்க் காட்டுவதே முறை. அதனோடும் அமையலாகாது. துறையறிந்த ஒருவர்க்கே எழுந்த ஐயம் கற்போர்க்கும் எழும். எனவே உரை கிடையாமை மறுமொழிக் கடிதத்தில் மட்டுமன்றிக் கட்டுரையின் முகப்பிலும் ஒரு தொடராக இடம்பெறல் வேண்டும். கடிதம் இதழாசிரியரோடு நின்றுவிடும். கட்டுரையே கற்போர் கைக்குச் செல்வது. தடை பிழையெனினும் கட்டுரையின் குறையைக் காட்டவல்லது என்பதைப் பலர் கருதுவதில்லை.

மதிப்பீட்டாளர் இருவர் முரணுமிடத்து, ஒருவர் விரிக்கவும் மற்றவர் சுருக்கவும் கூறுவர். இருவரையும் மகிழ்விக்க முயன்ற கட்டுரை தன் வழக்கை இழக்கும். ஈண்டு மாறுகோளுள் ஒன்றைத் துணிதலே வேண்டப்படும். கட்டுரையின் கருதுகோளுக்கு எது துணையாகும் என்பதே அளவை. துணிந்த காரணத்தை இதழாசிரியர்க்கு எழுதும் பகுதியில் இருவர் குறிப்பையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டின், தீர்ப்பு அவர்க்கு எளிதாகும்.