தொலைந்த பற்சக்கரம்

சுங்கை புரோங் உள்ளிட்ட கோல சிலாங்கூர் மாவட்டம் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றது. இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே நாட்டிலேயே முதன்முறையாகச் செம்பனையை வணிக நோக்கில் பயிரிட்டார். பறித்த குலைகளை விரைவில் வேகவைக்காவிட்டால் எண்ணெயின் தரம் குறைந்துவிடும். ஆகவே, ஆலை இயந்திரம் பழுதானால் வெளியூரிலிருந்து பாகம் வரும்வரை காத்திருக்க இயலாது. ஆலையை ஒட்டிய பட்டறையிலேயே பழுதுபார்க்க வேண்டும். இரும்பில் துளையிடும் இயந்திரம் அதற்கு இன்றியமையாதது.

அத்தகைய பழைய இயந்திரம் ஒன்று இன்று கிடைத்தால், ஏதாவது ஒரு பாகம் குறைந்தே இருக்கும். பழைய இரும்பு வாங்குபவர் எடைக்குத்தான் விலை பேசுவார். ஒரு பற்சக்கரம் இல்லை என்பதற்காக முழு இயந்திரத்தையும் அவரிடம் தள்ளிவிடுவது அவசர முடிவாகும். தொலைந்த சக்கரத்தின் அளவை எஞ்சிய சக்கரமே சொல்லிவிடும்.

நேரான பற்களைக் கொண்ட சக்கரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 40 பற்கள் உள்ளன, வெளிவிட்டம் 4.2 அங்குலம் என்க. பற்களின் எண்ணிக்கையோடு 2ஐக் கூட்டி, வெளிவிட்டத்தால் வகுத்தால் 10 வரும். பல்லின் பருமனைக் குறிக்கும் எண் இதுவே. அடுத்து, சக்கரங்களைத் தாங்கும் இரு தண்டுகளுக்கு இடையிலான தூரத்தை மையத்திலிருந்து மையத்திற்கு அளக்க வேண்டும். அது 3 அங்குலமானால், 3ஐ 2ஆலும் 10ஆலும் பெருக்க 60 கிடைக்கும். இரு சக்கரங்களின் பற்களும் சேர்ந்து 60. அப்படியானால், தொலைந்த சக்கரத்திற்கு 20 பற்கள். வரைபடம் இல்லாமலே அதைப் புதிதாகச் செய்துவிடலாம்.

மரையாணியில்தான் பலர் ஏமாறுகின்றனர். ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த பிரிட்டிஷ் முறைப்படி, அரை அங்குல ஆணியில் ஓர் அங்குல நீளத்திற்கு 12 மரைகள் இருக்கும். மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்க முறையில் அதே பருமனுள்ள ஆணிக்குப் பொதுவாக 13 மரைகள். கோணம் 60 பாகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மாற்றிப் போட்டாலும் முதல் சில சுற்றுகள் தடையின்றி ஏறும், பிறகு இறுகும். அவ்வேளையில் ஸ்பேனரைக் கொண்டு பலமாக முறுக்கினால், வார்ப்பிரும்புத் துளையின் மரை அழிந்துவிடும். மரை அளவியை ஆணியின்மேல் வைத்து வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால் இடைவெளி தெரிந்துவிடும். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆணி கெட்டால் வேறொன்றைக் கடைந்துகொள்ளலாம். துளையின் மரை கெட்டாலோ, அதைப் பெரிதாக்கி, உள்ளே மரையிட்ட குழாய் ஒன்றைப் பொருத்த வேண்டியிருக்கும்.