இல்லத்தின் வண்ணமும் உள்ளத்தின் வண்ணமும்

புதுமனை கட்டுவோரும் பழைய மனையைப் புதுப்பிப்போரும் இறுதியில் வந்து நிற்கும் இடம் வண்ணத் தேர்வு. பெரியவர் வெள்ளை என்பார். மகன் நீலம் என்பான். மருமகள் இளமஞ்சள் விரும்புவாள். சிறிய செய்தியே எனினும், சில இல்லங்களில் இது மனவருத்தம் வரை சென்றுவிடுகிறது. அத்துடன், "இந்நிறத்தை விரும்புவோர் இக்குணமுடையோர்" என்று கூறும் குறிப்புகளும் நாளும் பெருகி வருகின்றன. பெண் பார்க்கச் செல்வோர் சிலர், வாயிலின் வண்ணத்தையும் கூடத்தின் ஒப்பனையையும் கண்டே அக்குடும்பத்தாரின் குணத்தை முடிவு செய்துவிடுகின்றனர். குணம் நிறத்தில் வெளிப்படுமா? வெளிப்படுமாயின் எவ்வளவு? இவ்வினாவை நம் ஆகம நெறியோடும் இக்கால ஆய்வோடும் வைத்து எண்ணிப் பார்ப்போம்.

ஆறு இலேசியைகள்

குணத்தை நிறத்தால் விளக்கும் முறை நமக்குப் புதிதன்று. சினம், செருக்கு, மாயை, பற்று என்னும் கஷாயங்கள் தோய்ந்த மன, மொழி, மெய்களின் செயற்பாட்டையே இலேசியை என்கிறோம். அவை ஆறு. பகை விடாத கொடுமை கிருஷ்ண இலேசியை. சோம்பலும் வஞ்சனையும் பேராசையும் நீல இலேசியை. தன்னைப் புகழ்தலும் பிறரைப் பழித்தலும் பொறாமையும் புறா நிறமாகிய காபோத இலேசியை. தக்கது தகாதது அறிந்து தயையோடு ஒழுகுதல் பீத இலேசியை. ஈகையும் பொறுமையும் பத்ம இலேசியை. விருப்பு வெறுப்பற்ற சமநோக்கு சுக்கில இலேசியை.

10ஆம் நூற்றாண்டினரான நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி தம் கோம்மடசாரத்தில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். காட்டில் வழி தவறிய அறுவர் பழங்கள் நிறைந்த மரம் ஒன்றைக் காண்கின்றனர். ஒருவன் அதனை வேரோடு பறிக்க எண்ணுகிறான், மற்றொருவன் அடிமரத்தை வெட்ட எண்ணுகிறான், மூன்றாமவன் பெருங்கிளைகளை, நான்காமவன் சிறுகிளைகளை, ஐந்தாமவன் பழங்களை மட்டும் பறிக்க, ஆறாமவனோ தானே கீழே விழுந்தவற்றை உண்ண எண்ணுகிறான். பசி அறுவர்க்கும் ஒன்றே. அப்பசியைத் தணிக்க எவ்வளவு துன்பம் செய்யத் துணிகின்றனர் என்பதே அவர்தம் நிறத்தைக் காட்டுகிறது.

புற நிறம் வேறு. அக நிறம் வேறு

இங்கே நாம் தவறவிடக் கூடாத ஒரு நுட்பம் உண்டு. ஆகமம் இலேசியையைத் திரவிய இலேசியை, பாவ இலேசியை என இரண்டாகப் பகுக்கிறது. உடலின் நிறம் திரவிய இலேசியை. உள்ளத்தின் நிலை பாவ இலேசியை. முன்னது பின்னதைக் காட்டும் என்று ஆகமம் கூறவில்லை. சந்திரப்பிரப தீர்த்தங்கரர் வெண்ணிற மேனியர். நேமிநாதர் கருநிற மேனியர். கேவல ஞானம் எய்திய இருவர்க்கும் உள்ளநிலை சுக்கில இலேசியையே. திருமலையில் சிகாமணிநாதராக நேமிநாதரை வணங்கும் நாம், மணப்பெண்ணின் மேனி நிறம் கண்டு மனம் சுளிப்பது எவ்வளவு பொருந்தாத செயல்! மேனி நிறமே குணத்தைக் காட்டாதபோது சுவரின் நிறம் எங்ஙனம் காட்டும்?

ஆய்வாளர் கண்டவை

மேனாட்டாரும் இவ்வினாவை ஆராய்ந்துள்ளனர். செருமானியக் கவிஞர் கோதே 1810இல் வெளியிட்ட வண்ணக் கொள்கை நூலில், நீலம் பூசிய அறை அகன்று தோன்றினும் வெறுமையும் குளிர்ச்சியும் உடையது என்று எழுதினார். சுவிட்சர்லாந்து நாட்டு மாக்ஸ் லூஷர் 1947இல், ஒருவர் விரும்பும் வண்ணங்களின் வரிசையைக் கொண்டே அவர் இயல்பைக் கூறும் சோதனையை வெளியிட்டார். அது உலகெங்கும் பரவியது. எனினும் பின்வந்த ஆய்வுகள் அதற்கு உறுதியான சான்று அளிக்கவில்லை.

2010இல் அமெரிக்க ஆய்வாளர்களாகிய ஸ்டீபன் பாமரும் கேரன் ஸ்க்லாசும் வேறு விளக்கம் தந்தனர். நாம் விரும்பும் பொருள்களோடு தொடர்புடைய வண்ணங்கள் நமக்கு இனிக்கின்றன. வெறுக்கும் பொருள்களோடு தொடர்புடையவை கசக்கின்றன என்பது அவர்தம் முடிவு. வயலும் ஏரியும் கண்டு வளர்ந்தவருக்குப் பச்சை இனிப்பதும், நோயில் நெடுநாள் கிடந்தவருக்கு மருத்துவமனைச் சுவரின் நிறம் கசப்பதும் இவ்வகையினவே. எனவே வண்ண விருப்பம் ஒருவரது குணத்தைக் காட்டிலும் அவர் கடந்து வந்த வாழ்வையே மிகுதியும் சொல்கிறது.

சாமுவேல் காஸ்லிங் என்பாரும் குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. 94 அலுவலக அறைகளையும் 83 படுக்கையறைகளையும், அவற்றில் வாழ்வோரை அறியாத பிறர் பார்த்து அவர்தம் இயல்பை மதிப்பிட்டனர். புதியன நாடும் அறிவார்வம் ஓரளவு நன்றாகவே கணிக்கப்பட்டது. அறையில் இருந்த பலதுறை நூல்கள் அதனைக் காட்டிக் கொடுத்தன. கடமையொழுங்கும் அறையின் ஒழுங்கினின்று ஓரளவு புலப்பட்டது. ஆனால் பிறரிடம் இனிமையாகவும் இரக்கத்தோடும் பழகும் இயல்பைக் கணிப்பதில் அவர்கள் பெரிதும் தடுமாறினர். நாம் அறத்தின் வேர் என்று போற்றும் தயை, சுவரைப் பார்த்து அறியத்தக்கதன்று.

வண்ணம் தேரும் முறை

அங்ஙனமாயின் வண்ணத்தை எதனைக் கொண்டு தேர்வது? முதலில் ஒளியையும் வெப்பத்தையும் கொண்டு. வெண்மையும் வெளிர் நிறங்களும் ஒளியைத் திருப்பி அனுப்புவன. அடர்நிறங்கள் அதனை உட்கொண்டு வெப்பமாக்குவன. மேற்கு வெயில் படும் வெளிச்சுவருக்கும் மொட்டை மாடிக்கும் வெண்மை ஏற்றது. ஒளி குறைந்த அறைக்கு வெளிர்மஞ்சளோ பால்நிறமோ நன்று. சிறு அட்டையில் கண்ட நிறம் பெருஞ்சுவரில் அடர்ந்து தோன்றும். ஆகவே சுவரின் ஒரு பகுதியில் பூசி, காலை ஒளியிலும் இரவு விளக்கிலும் பார்த்த பின்னரே முடிவு செய்க.

அடுத்து, அறையில் வாழ்வோரைக் கொண்டு. மாணவர் அறையின் வண்ணத்தை மாணவரே தேரட்டும். முதியோர் அறையை முதியோர் தேரட்டும். பொதுக் கூடத்திற்கு யாருக்கும் கசப்பில்லாத ஒன்று போதும். சுவருக்காக மாமியாரும் மருமகளும் முகம் திருப்பிக் கொள்ளும் இல்லத்தில், சுவர் வெண்மையாயினும் உள்ளே இருப்பது நீலமும் காபோதமுமே. அண்டை வீட்டாரைத் தாழ்த்தவென்றே செய்யும் ஒப்பனையும் அத்தகையதே.

வண்ணத்தின் பின்னே உள்ள உயிர்கள்

எந்த நிறம் என்று பத்து நாள் ஆராயும் நாம், அப்பூச்சு எதனால் ஆனது என்று ஒரு நாழிகையேனும் ஆராய்கிறோமா? மரக்கதவுக்கும் நாற்காலிக்கும் இடும் மெருகு பலவற்றின் மூலப்பொருள் அரக்கு. புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் வாழும் நுண்ணிய பூச்சிகள் சுரக்கும் பிசின் அது. அதனைச் சுரண்டி உருக்குகையில் எண்ணற்ற பூச்சிகள் மடிகின்றன. தச்சர் முற்காலத்தில் பெரிதும் பயன்படுத்திய வச்சிரம் விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. வண்ணம் பூசும் தூரிகைகளில் பன்றி மயிரால் ஆனவை உண்டு. பட்டுத் திரைச்சீலைக்காகக் கூட்டுப்புழுக்கள் வெந்நீரில் இடப்படுகின்றன.

இவற்றுக்கெல்லாம் மாற்று உண்டு. செயற்கை இழைத் தூரிகை, ஆளிவிதை எண்ணெய் மெருகு, பருத்தித் திரை ஆகியன எளிதிற் கிடைப்பன. சுவர் வெடிப்புகளை அடைத்துச் சுண்ணாம்பு பூசினால் பூஞ்சணம் குறையும். பூச்சிகள் தங்கும் இடமும் குறையும். பின்னர் மருந்தடித்துக் கொல்லும் வினையும் நேராது. குழந்தைகளின் நலமும் கருதத்தக்கது. இந்திய அரசின் 2016ஆம் ஆண்டு விதிகள் வீட்டு வண்ணப்பூச்சில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்கிற்கு மிகாமல் வரையறுத்தன. அதற்கு முன் பூசிய பழைய எண்ணெய்ப் பூச்சில் ஈயம் மிகுந்திருக்கக் கூடும். அதனை உலரத் தேய்த்துத் தூசி பறக்கவிடுதல் தீது, நனைத்துச் சுரண்டுக, குழந்தைகளை அப்பால் வைக்க.

இல்லறத்தார் கவனிக்க வேண்டிய தேர்வு இதுவே. மரத்தைக் கண்ட அறுவர்க்கும் பசி ஒன்றாய் இருந்தது போல, அழகிய இல்லம் வேண்டும் என்னும் விருப்பம் நம் அனைவர்க்கும் ஒன்றே. அவ்விருப்பத்தை நிறைவேற்ற எத்தனை உயிர்க்கு இடர் செய்கிறோம், எத்தனை உள்ளங்களை வருத்துகிறோம் என்பதில்தான் நம் நிறம் வெளிப்படுகிறது. இலேசியை மாறாத தன்மையதன்று. கஷாயம் குறையக் குறைய அது வெளுக்கும். சுவருக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுவண்ணம் தீட்டுகிறோம். உள்ளத்திற்கு நாள்தோறும் தீட்டுவோமாக.

சிந்தனைக்கு

1. திரவிய இலேசியை, பாவ இலேசியை இவற்றின் வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு எந்த எடுத்துக்காட்டால் விளக்குவீர்?

2. உம் இல்லத்திலுள்ள ஒப்பனைப் பொருள்களில் உயிர்க்கொலையால் வந்தவை எவை? அவற்றுக்கு மாற்று யாது?

3. ஒருவரது இல்லத்தைக் கண்டு அவரைத் தவறாக மதிப்பிட்ட நிகழ்ச்சிகள் உம் சுற்றத்தில் உண்டா? அம்மதிப்பீட்டால் விளைந்தது என்ன?