பன்றி பல குட்டி, யானை ஒரு கன்று

“பன்றி பல குட்டி, சிங்கம் ஒரு குட்டி” என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். உயிரியல் பாடத்தை வைத்துப் பார்த்தால் இதில் ஒரு சிறு திருத்தம் வேண்டும். சிங்கம் ஓர் ஈற்றில் இரண்டு முதல் நான்கு குட்டிகள் வரை ஈனும். சிங்கத்தின் இடத்தில் யானையை வைத்துவிட்டால் கணக்குச் சரியாகிவிடும்!

பன்றியைப் பற்றி அறிய நாம் தூரம் போக வேண்டியதில்லை. அரூர் வட்டத்துச் சித்தேரி மலையில் சாமை பயிரிடும் மலையாளி மக்களைக் கேட்டாலே போதும். இரவோடிரவாகக் கொல்லையைக் கிளறிவிட்டுப் போகும் காட்டுப்பன்றி, நான்கு மாதம் சுமந்து நான்கு முதல் ஆறு குட்டிகள் வரை ஈனுகிறது. அதனினும் சிறிய வயல் எலிக்குச் சினைக்காலம் மூன்று வாரத்துக்குச் சற்று மேல். குட்டிகளோ பெரும்பாலும் ஐந்துக்கு மேல். காட்டெருமை ஒன்பது மாதம் சுமந்து ஒரே கன்று ஈனும். யானை 22 மாதம் சுமந்து ஒரு கன்று ஈன்றால், அடுத்ததற்கு நாலைந்து ஆண்டுகள் ஆகும். உடல் பெருக்கப் பெருக்க ஈற்றின் எண்ணிக்கை குறைகிறது.

இது ஏன்? சுண்டெலியின் எடை சுமார் 20 கிராம். குட்டி ஒன்று ஒரு கிராமுக்குச் சற்று மேல். ஆறு குட்டிகள் என்றால் தாயின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! யானைக்கன்று 100 கிலோ இருந்தாலும், 2,700 கிலோ எடையுள்ள தாய்க்கு அது இருபத்தேழில் ஒரு பங்குதான். ஆனால் பூனை, பாம்பு, ஆந்தை என எலிக்குப் பகைவர் பலர். நாளை உயிரோடிருப்போமோ என்ற நிலையில் உள்ள உயிர், விரைவாகப் பலவற்றை ஈன்றே தீர வேண்டும். வளர்ந்த யானைக்கு அந்த அச்சம் இல்லை. அது ஒரே கன்றுக்கு ஆண்டுக்கணக்கில் பாலூட்டி, கூட்டத்தின் நடுவே வைத்துக் காக்கிறது.

விதிக்கு விலக்கும் உண்டு. வௌவால் எலியளவே இருந்தும் பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். வயிற்றுப் பாரத்தோடு பறக்க வேண்டுமல்லவா? மீன்களில் கணக்கு வேறுவிதம். ஒரே இனத்தில் பெரிய தாய்க்கே முட்டை அதிகம். 30 கிலோ எடையுள்ள ஒரு காட் மீன், இரண்டு கிலோ மீன்கள் 28 சேர்ந்து இடுவதைவிட மிகுதியான முட்டைகள் இடும் என்று 2018-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது.

இந்தக் கணக்கு நம் மாவட்டத்தில் வெறும் பாடக்கணக்கு அன்று. 2023 மார்ச் மாதம் மாரண்டஅள்ளி அருகே, விளைநிலத்தில் சட்டத்துக்குப் புறம்பாகப் போட்டிருந்த மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. உடனிருந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. விளைச்சலைப் பறிகொடுக்கும் உழவரின் துயரும் பெரிதே. ஆனால் பன்றிக்கென்று போடும் மின்கம்பிக்குப் பன்றியும் ஒன்றுதான், யானையும் ஒன்றுதான். ஆண்டுக்கு ஓர் ஈற்று, ஐந்து குட்டி என்றாலும் ஐந்தாண்டில் ஒரு பன்றி 25 குட்டிகள் ஈன்றுவிடும். அதே காலத்தில் பிடி ஈனுவது ஒரு கன்று. அதுவும் 15 வயதையொட்டித்தான் முதற்கன்று ஈனத் தொடங்கும். இவ்வாண்டு பிறக்கும் பிடிக்கன்று தாயாகும்போது, பத்தாம் வகுப்பில் இருக்கும் எங்களுக்கு முப்பது வயது ஆகியிருக்கும்.